இரோக்கோ மரத்தில் ஒரு கழுகு

நாவலாசிரியர்களைக் கொண்டாடுவதற்குப் பல்கலைக் கழகங்கள் ஒரு முறை வைத்திருக்கின்றன. முதலில் அந்த மனிதர் இறந்து போக வேண்டும். பிறகு ஐம்பது ஆண்டுகளாவது கழிய வேண்டும். அதற்குள் அவரோடு சண்டை போட்டவர்களும், அவருக்குக் கடன் கொடுத்தவர்களும், அவருடைய நாவலில் தங்கள் முகத்தைக் கண்டு கோபித்துக் கொண்டவர்களும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அப்போது ஒரு மண்டபத்தில் படத்தை மாட்டி, மாலை போட்டு, பேராசிரியர்கள் வரிசையாக எழுந்து கட்டுரை படிப்பார்கள். படத்தில் இருப்பவர் எழுந்து பதில் சொல்ல மாட்டார் என்கிற நிம்மதி மண்டபம் முழுவதும் நிறைந்திருக்கும்.

நைஜீரியா நாட்டின் என்சுக்கா பல்கலைக் கழகம் இந்த முறையை மீறியது. 1990-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், சினுவா ஆச்சிபி அறுபதாவது வயதில் இருந்தபோது, உயிரோடிருக்கும் அந்த மனிதரை நடுவில் உட்கார வைத்துக் கொண்டே ஒரு பெரிய கருத்தரங்கு நடத்தியது. பல தேசங்களிலிருந்தும் அறிஞர்கள் வந்தார்கள். விழாவுக்கு வைத்த பெயர் 'இரோக்கோ மரத்தில் கழுகு'. அங்கே படிக்கப்பட்ட கட்டுரைகளில் பல பின்னால் அதே பெயரில் புத்தகமாகவும் வந்தன.

இரோக்கோ என்பது மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் வளரும் பெருமரம். மற்ற மரங்களுக்கு மேலே தலையை நீட்டிக் கொண்டு நிற்கும். அதன் உச்சியில் கழுகு வந்து அமர்ந்தால் ஊரெல்லாம் அண்ணாந்து பார்க்கும். அழகான பெயர்தான். ஆனால் ஒரு விஷயத்தை நாம் மறந்துவிடக் கூடாது. கழுகை ஊர் பார்க்கிறபோது, கழுகும் ஊரைப் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறது. அதன் பார்வை நம் பார்வையைவிடக் கூர்மையானது.

ஆச்சிபிக்கும் பல்கலைக் கழகங்களுக்கும் இருந்த உறவு ஒரு விசித்திரமான உறவு. அந்தக் கதையைக் கொஞ்சம் ஆதியிலிருந்தே சொல்ல வேண்டும்.

1930-ஆம் ஆண்டு நவம்பர் 16-ம் தேதி, கிழக்கு நைஜீரியாவில் ஒகிடி என்னும் ஊரைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் அவர் பிறந்தார். இக்போ இனத்தவர். தந்தை கிறிஸ்தவ மிஷனில் போதகராகவும் ஆசிரியராகவும் ஊர் ஊராகப் போய் வேலை செய்தவர். வீட்டில் பைபிள், வேலிக்கு அப்பால் பழைய தெய்வங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டையும் வேடிக்கை பார்க்கிற குழந்தை, பெரியவனானால் நாவலாசிரியனாகாமல் வேறென்ன ஆவான்?

ஆனால் வீட்டார் நினைத்தது வேறு. பையன் படு கெட்டிக்காரன். 1948-ல் பிரிட்டிஷ் ஆட்சியாளர் இபாதான் நகரில் ஒரு பல்கலைக் கழகக் கல்லூரியை ஆரம்பித்தபோது, மருத்துவம் படிப்பதற்கு உபகாரச் சம்பளத்தோடு அவருக்கு இடம் கிடைத்தது. ஒரு வருஷம் படித்துப் பார்த்தார். மருத்துவம் தமக்கு ஒத்து வராது என்று தெரிந்துவிட்டது. ஆங்கிலம், சரித்திரம், சமயம் என்று கலைப் பாடங்களுக்கு மாறினார். உடனே உபகாரச் சம்பளம் போயிற்று. அவருடைய அண்ணன் அகஸ்டின் உத்தியோகத்திலிருந்தவர். விடுமுறையில் ஊருக்கு வருவதற்காக வைத்திருந்த பணத்தைத் தம்பியின் சம்பளத்துக்குக் கொடுத்து உதவினார். உலக இலக்கியத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட அண்ணன்மார்களுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இபாதானில் ஆங்கிலேய ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடுதான் பாடம் நடத்தினார்கள். ஆப்பிரிக்க மாணவர்களுக்கு ஆப்பிரிக்காவைப் பற்றிய நாவல் ஒன்றைக் கொடுத்தால் மகிழ்ச்சி அடைவார்கள் என்று எண்ணி, ஜாய்ஸ் கேரி என்னும் ஐரிஷ்காரர் 1939-ல் எழுதிய 'மிஸ்டர் ஜான்சன்' என்ற நாவலைப் பாடமாக வைத்தார்கள். அதன் களமே நைஜீரியாதான். விமரிசகர்கள் மெச்சிய புத்தகம். மாணவர்கள் படித்துவிட்டுப் பொங்கி எழுந்தார்கள். கதாநாயகன் ஜான்சன் அவர்களுக்கு ஒரு கோமாளியாகப் பட்டான். தங்கள் அப்பா, அண்ணன், அடுத்த வீட்டுக்காரர் யாருமே அந்தப் புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் தமக்கு மகிழ்ச்சி தந்த ஒரே இடம் ஜான்சன் சுடப்பட்டுச் சாகிற இடம்தான் என்று ஒரு மாணவர் வகுப்பில் சொன்னாராம். இதைப் பின்னால் ஆச்சிபியே நினைவு கூர்ந்திருக்கிறார்.

பாட திட்டம் வகுத்தவர்கள் எதிர்பார்க்காத பலன் அங்கே விளைந்தது. நம் வீட்டுக் கதையை அந்நியர் சொன்னால் இப்படித்தான் சொல்வார். நாமே சொல்லியாக வேண்டும் என்கிற எண்ணம் ஒரு மாணவர் மனத்தில் விழுந்தது. பல்கலைக் கழகம் தான் கொடுக்க நினைத்ததை மட்டும் கொடுப்பதில்லை. சில சமயம் அதைவிட மேலானதை, அறியாமலே கொடுத்துவிடுகிறது.

பட்டம் பெற்ற பிறகு ஆச்சிபி வானொலியில் வேலைக்குச் சேர்ந்தார். இரவுகளில் நாவல் எழுதினார். கையெழுத்துப் பிரதி ஒன்றே ஒன்றுதான். நகல் கிடையாது. 1957-ல் அதை லண்டனிலிருந்த ஒரு தட்டச்சு நிலையத்துக்குப் பணத்தோடு அனுப்பினார். பணம் போய்ச் சேர்ந்ததற்குப் பதில் வந்தது. பிறகு மாதக் கணக்கில் மௌனம். ஆப்பிரிக்காவிலிருந்து யாரோ ஒருவன் அனுப்பிய காகிதக் கட்டுத்தானே என்று மூலையில் போட்டுவிட்டார்கள். நல்ல வேளையாக, வானொலியில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த ஆஞ்செலா பீட்டி என்ற ஆங்கிலேயப் பெண்மணி விடுமுறைக்கு லண்டன் போனவர், நேரே அந்த நிலையத்துக்குப் போய்ச் சத்தம் போட்டார். தட்டச்சுப் பிரதி வந்து சேர்ந்தது. அது தொலைந்து போயிருந்தால் மனமொடிந்து எழுத்தையே விட்டிருப்பேன் என்கிற அர்த்தத்தில் ஆச்சிபி பின்னால் பேசியிருக்கிறார். நாவல் எழுதும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அந்த நாவல் 1958 ஜூன் 17-ம் தேதி லண்டனில் ஹைனமன் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. முதல் பதிப்பு 2,000 பிரதிகள். இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில், இரண்டு கோடிப் பிரதிகளுக்கு மேல் போயிருக்கிறது. தமிழில் என். கே. மகாலிங்கம் மொழிபெயர்த்த 'சிதைவுகள்' அதுதான். ஒக்கொன்க்வோ என்ற வீரன், தன் ஊர்க் கட்டுப்பாடும் மதமும் வெள்ளையர் வரவினால் தன் கண் முன்னே நொறுங்குவதைக் கண்டு அழிகிற கதை. ஊரைத் தேவலோகமாக்கிக் காட்டவில்லை அவர். இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் எறிந்த கொடுமையையும் எழுதினார். தம் மக்களைப் பற்றி அந்நியர் சொன்ன பொய்யை மறுக்கப் புறப்பட்டவர், தாமே இன்னொரு பொய்யைச் சொல்லாமல் காத்துக் கொண்டார். நாவலின் பெருமை இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

தாம் ஏறி வந்த ஏணியை அவர் உதைத்துத் தள்ளவுமில்லை. 1962-ல் ஹைனமன் 'ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசை' என்று ஒன்று ஆரம்பித்தது. ஆச்சிபி பத்தாண்டுகள் அதன் ஆசிரியராகச் சம்பளமில்லாமல் உழைத்தார். அதே ஆண்டில் உகாண்டாவின் மகெரேரே கல்லூரியில் எழுத்தாளர் மாநாடு நடந்தது. அங்கே ஒரு மாணவர் கையெழுத்துப் பிரதியோடு வந்து அவரைச் சந்தித்தார். அந்த மாணவர்தான் பின்னால் கூகி வா தியாங்கோ என்று உலகப் புகழ் பெற்றவர். அவருடைய முதல் நாவல் 1964-ல் அந்த வரிசையில் வெளிவந்தது. பிற்காலத்தில் அதே கூகி, ஆப்பிரிக்க இலக்கியம் ஆப்பிரிக்க மொழிகளில்தான் எழுதப்பட வேண்டும் என்று வாதாடி, ஆங்கிலத்தில் எழுதும் ஆச்சிபியோடு மாறுபட்டார். கை தூக்கிவிட்டவரோடும் கருத்து மாறுபடலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இனி அவருடைய பொது வாழ்வுக்கு வருவோம். இங்கே நாவலும் அரசியலும் பின்னிக் கிடக்கின்றன.

1966 ஜனவரியில் அவருடைய நான்காவது நாவல் வந்தது. லஞ்சத்தில் கொழுத்த ஒரு மந்திரியின் கதை. ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றுவதோடு அது முடிகிறது. அதே ஜனவரி 15-ம் தேதி நைஜீரியாவில் உண்மையாகவே ராணுவப் புரட்சி நடந்துவிட்டது! கதாசிரியனின் கற்பனை பலித்துவிட்டால் உலகம் பாராட்டும் என்று நினைப்போம். நடந்தது வேறு. இவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, இவனும் சதியில் ஒருவன் என்று சந்தேகம் எழுந்தது. ஜூலையில் எதிர்ப் புரட்சி நடந்தபோது ராணுவத்தினர் லாகோஸில் அவரைத் தேடினார்கள். வடக்கே இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். வானொலியில் பெரிய பதவியிலிருந்த ஆச்சிபி குடும்பத்தோடு கிழக்கே ஓடி வந்தார்.

1967 மே மாதம் கிழக்குப் பகுதி 'பயாஃப்ரா' என்ற பெயரில் தனி நாடாகப் பிரகடனம் செய்தது. ஜூலையில் யுத்தம். முதலில் விழுந்த ஊர்களில் ஒன்று என்சுக்கா. 1960-ல், நாடு சுதந்திரம் பெற்ற ஒரு வாரத்துக்குள், நம்டி அசிகிவேயின் முயற்சியால் திறக்கப்பட்ட பல்கலைக் கழகம் அங்கே இருந்தது. மனிதனின் மாண்பை மீட்பதே அதன் லட்சிய வாசகம். அந்த வளாகத்தில்தான் துருப்புகள் புகுந்தன.

கிறிஸ்டோபர் ஒகிக்போ என்ற பெரும் கவிஞர் ஆச்சிபியின் அருமை நண்பர். இருவரும் சேர்ந்து எனுகு நகரில் ஒரு புத்தக நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். ஒகிக்போ ஒரு காலத்தில் என்சுக்கா பல்கலைக் கழகத்தில் நூலகராக வேலை பார்த்தவர். யுத்தம் வந்ததும் துப்பாக்கி எடுத்தார். 1967-லேயே, அந்த என்சுக்கா முனையிலேயே, போரில் மாண்டார். எந்த ஊரில் புத்தகங்களை அடுக்கி வைத்தாரோ, அந்த ஊருக்காகச் செத்தார்.

ஆச்சிபி துப்பாக்கி எடுக்கவில்லை. பயாஃப்ராவின் தூதராக உலகமெங்கும் போய்ப் பட்டினியால் சாகும் குழந்தைகளுக்காக மன்றாடினார். எனுகுவில் அவர் வீடு குண்டு வீச்சில் போயிற்று. 1970 ஜனவரியில் பயாஃப்ரா சரணடைந்தது. லட்சக்கணக்கான உயிர்கள் போய்விட்டன. 1966-க்குப் பிறகு 1987 வரை, இருபத்தொரு ஆண்டுகள், ஆச்சிபி ஒரு நாவல்கூட வெளியிடவில்லை. கவிதை எழுதினார், சிறுகதை எழுதினார், கட்டுரை எழுதினார். நாவல் மட்டும் வரவில்லை. யுத்தம் எத்தனை பேரைக் கொன்றது என்று கணக்கெடுக்கிறார்கள். எழுதப்படாமல் போன புத்தகங்களை யார் கணக்கெடுப்பது?

போருக்குப் பிறகு அவர் சிதைந்து கிடந்த என்சுக்காவில் வேலை பார்த்தார். 1971-ல் 'ஒகிகே' என்ற இலக்கியப் பத்திரிகையைத் தொடங்கினார். அதே காலத்தில் 'என்சுக்காஸ்கோப்' என்று இன்னொரு பத்திரிகையும் நடத்தினார். இந்த இரண்டாவது பத்திரிகையின் வேலை, பல்கலைக் கழகத்தின் குறைகளைப் பல்கலைக் கழகத்துக்கே சொல்வது! பின்னாளில் அவருக்கு விழா எடுத்த ஸ்தாபனம், முன்னாளில் அவரிடம் குட்டுப் பட்ட ஸ்தாபனம்தான்.

1972-ல் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் பல்கலைக் கழகத்துக்குப் போனார். அங்கே 1975 பிப்ரவரியில் ஒரு கௌரவச் சொற்பொழிவுக்கு அவரை அழைத்தார்கள். ஜோசப் கான்ராட் என்ற மேதையின் மிகப் புகழ் பெற்ற காங்கோ நாவலை எடுத்துக் கொண்டு, அதில் ஆப்பிரிக்கன் மனிதனாகவே நடத்தப்படவில்லை, ஆசிரியர் இனவெறி கொண்டவர் என்று பட்டவர்த்தனமாகச் சொன்னார். அவையில் பலர் அதிர்ந்தார்கள். சிலர் கோபித்தார்கள். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை அந்த நாவலைப் பாடம் சொல்லும் எந்தப் பேராசிரியரும் ஆச்சிபியின் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடிவதில்லை. இபாதான் வகுப்பில் கிளம்பிய கோபம் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு வாதமாகப் பழுத்திருந்தது.

1976-ல் என்சுக்காவுக்குத் திரும்பினார். 1981-ல் நைஜீரிய எழுத்தாளர் சங்கத்தை அங்கேயே கூட்டி, முதல் தலைவரானார். 1983-ல் மக்கள் மீட்சிக் கட்சியில் சேர்ந்து துணைத் தலைவராகவும் இருந்து பார்த்தார். கட்சித் தலைவர் அமினு கானோ அதே ஆண்டில் காலமானார். கட்சி அரசியலில் கண்டது ஆச்சிபிக்குக் கசந்தது, விலகினார். நாட்டின் நோய் வேறொன்றுமில்லை, தலைமையின் தோல்விதான் என்று சிறு புத்தகம் ஒன்று எழுதினார். 1986 மார்ச்சில் நடந்தது இன்னும் உருக்கமானது. மாமன் வட்சா என்ற தளபதி கவிஞரும்கூட. அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக அவருக்கு மரண தண்டனை விதித்திருந்தார்கள். ஆச்சிபி, வோலே சோயிங்கா, ஜே. பி. கிளார்க் ஆகிய மூன்று எழுத்தாளர்களும் சேர்ந்து ஆட்சித் தலைவர் பாபங்கிடாவிடம் போய் அந்த உயிருக்காகக் கெஞ்சினார்கள். மரியாதையாகப் பேசி அனுப்பினார்கள். மார்ச் 5-ம் தேதி வட்சா சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவ்வளவையும் கடந்து வந்த மனிதரைத்தான் என்சுக்கா 1990 பிப்ரவரியில் கொண்டாடியது. விழா முடிந்து ஒரு மாதம் கழித்து, மார்ச் 22-ம் தேதி, லாகோஸுக்குப் போகிற வழியில் அவர் கார் கவிழ்ந்தது. முதுகெலும்பு நசுங்கி இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. இங்கிலாந்தில் சிகிச்சை. பிறகு வேண்டிய மருத்துவ வசதி சொந்த நாட்டில் இல்லாததால், அமெரிக்காவில் சக்கர நாற்காலி வாழ்க்கை. பார்ட் கல்லூரியில் 19 ஆண்டுகள், பிறகு 2009 முதல் பிரவுன் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர். அங்கே ஆப்பிரிக்காவின் தேர்தல்கள், ஆட்சி, அமைதி ஆகியவை பற்றி அறிஞர்களையும் அதிகாரிகளையும் ஒன்றாக உட்கார்த்தி வைத்துப் பேச வைக்கும் கருத்தரங்குகளைத் தம் பெயரில் நடத்தினார். 2013 மார்ச் 21-ம் தேதி பாஸ்டனில் காலமானார். விபத்து நடந்து இருபத்து மூன்று ஆண்டுகள் நிறைய ஒரு நாள் குறைவு. மே மாதத்தில் ஒகிடி மண்ணில் அடக்கம் செய்தார்கள். நாட்டின் ஜனாதிபதியே வந்திருந்தார்.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். 2004-ல் நைஜீரிய அரசு அவருக்கு ஓர் உயர்ந்த தேசிய விருதை அறிவித்தது. வேண்டாம் என்று ஜனாதிபதிக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். தம் சொந்த மாநிலமான அனம்ப்ராவை ஒரு சிறு கூட்டம் கொள்ளையடிக்க அரசு பார்த்துக் கொண்டிருக்கிறது என்பது அவர் புகார். 2011-ல் வேறு ஜனாதிபதி, அதே விருது, அதே மறுப்பு. காரணங்கள் அப்படியே இருக்கும்போது விருதை மட்டும் எப்படி ஏற்பது என்றார். அவர் விருதுகளை வெறுத்தவர் அல்லர். 1979-ல் தேசியத் தகுதி விருதை ஏற்றவர். 2007-ல் சர்வதேச புக்கர் பரிசைப் பெற்றவர். முப்பதுக்கும் மேற்பட்ட பல்கலைக் கழகங்களின் கௌரவப் பட்டங்களை வாங்கிக் கொண்டவர்.

அரசின் பட்டத்தை மறுத்தவர் பல்கலைக் கழகத்தின் பட்டத்தை ஏன் ஏற்றார்? எனக்குத் தோன்றும் பதில் இதுதான். அரசு மாலை போடும்போது, 'இனி நீ நம்மவன்' என்று சொல்லாமல் சொல்கிறது. மாலையைக் கழற்றாமல் குறை சொல்வது எழுத்தாளனுக்குக் கஷ்டமாகிவிடுகிறது. நல்ல பல்கலைக் கழகம் மாலை போட்ட கையோடு கேள்வியும் கேட்கும். 2012-ல், சாவதற்கு முந்திய ஆண்டில், ஆச்சிபி பயாஃப்ரா யுத்தத்தைப் பற்றிய தம் நினைவுகளை வெளியிட்டார். இக்போ மக்களின் பட்டினிக்கு யொருபா தலைவர் அவலோவோவும் பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தார். நாடே இரண்டுபட்டது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் மூடி வைத்திருந்த புண் திறந்துவிட்டது என்றார்கள் சிலர். மூடி வைத்ததால்தான் ஆறவில்லை என்றார்கள் வேறு சிலர். அவர் எழுதியதெல்லாம் நியாயம்தானா? யுத்தத்தில் ஒரு தரப்பின் தூதராக இருந்தவர் நீதிபதியாகவும் இருக்க முடியுமா? இது கேட்க வேண்டிய கேள்வி. இதை ஆவணங்களை வைத்துக் கொண்டு, ஆத்திரமில்லாமல் ஆராய்வதற்குத் தெருவும் ஆகாது, சட்டசபையும் ஆகாது. பல்கலைக் கழகம்தான் ஆகும். அந்த வேலையைச் செய்யாமல் வருஷா வருஷம் விழா மட்டும் எடுத்தால், அது பழைய படத்திறப்பு விழாவாகவே முடியும்.

ஒரு நாவலாசிரியனுடைய பொது வாழ்வின் பலன் என்ன என்று சிலர் கேட்கலாம். வட்சாவின் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. பயாஃப்ரா தோற்றது. கட்சி அரசியலில் ஒன்றும் நடக்கவில்லை. அனம்ப்ராவைப் பற்றிய கடிதத்துக்குப் பிறகும் ஏழாண்டு கழித்து அதே கடிதத்தைத் திரும்ப எழுத வேண்டி வந்தது. கணக்கப்பிள்ளை பார்வையில் எல்லாம் நஷ்டக் கணக்குத்தான்.

ஆனால் இபாதான் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். 1950-க்குச் சற்று முன்பின்னாக அங்கே உட்கார்ந்திருந்த மாணவர்களுக்குத் தங்கள் ஊர் மனிதர்கள் மனிதர்களாக நடமாடும் ஆங்கில நாவல் ஒன்றுகூடப் பாடமாகக் கிடைக்கவில்லை. இன்று ஆப்பிரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒக்கொன்க்வோவைத் தெரியும். அவனோடு சண்டை போடுகிறார்கள், அவனுக்காக வருந்துகிறார்கள், தேர்வில் அவனைப் பற்றி எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். என்சுக்கா வளாகத்தில் ஒரு சிறுமி வளர்ந்தாள். ஒரு காலத்தில் ஆச்சிபி குடும்பம் குடியிருந்த வீட்டிலேயே அவள் குடும்பமும் குடியிருந்தது. தன்னைப் போன்றவர்களும் புத்தகத்தில் இருக்கலாம் என்பதை ஆச்சிபியைப் படித்துத்தான் தெரிந்து கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். சிமமாண்டா அடிச்சி என்று இன்று உலகம் அறிந்த நாவலாசிரியை அவர். பயாஃப்ரா யுத்தத்தைப் பற்றி ஆச்சிபி எழுதாமல் விட்ட பெரிய நாவலை 2006-ல் அவர் எழுதினார்.

விழாப் பந்தலைப் பிரித்தாயிற்று. வந்த அறிஞர்கள் அவரவர் ஊருக்குப் போயாயிற்று. கழுகும் பறந்துவிட்டது. ஆனால் மரம் இருக்கிறது. அதில் வேறு பறவைகள் வந்து உட்கார்ந்து கொண்டிருக்கின்றன.